வண்டி யார் பேரில்?

1

ஜெர்மனியில் கிடைக்காத மோட்டார் சைக்கிளா திண்டிவனத்தில் கிடைத்துவிடப் போகிறது என்று என்னைக் கேட்காதவர்கள் பாக்கியில்லை. உறவுக்காரர்கள் கேட்டார்கள். இங்கே காசெல் நகரத்தில் என்னோடு வேலை பார்ப்பவர்களும் கேட்டார்கள். போன தை மாதம் நானும் என் மகன் எபினும் ஆறு வார விடுப்பில் ஊருக்குப் போனது ஒரு பழைய புல்லட் வாங்கத்தான். போன காரியம் என்ன ஆயிற்று என்று ஊரில் ஆளுக்கொரு விதமாகப் பேசிக்கொள்வதாகக் கேள்விப்படுகிறேன். போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போன விஷயம், பேசத்தான் செய்வார்கள். மறுபடியும் தை பிறந்துவிட்டது. நடந்ததை நானே எழுதிவிடுவது நல்லது.

நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். காலை ஷிப்டு என்றால் விடிவதற்கு முன்பே டிராம் பிடிக்க வேண்டும். திரும்பி வரும்போது எபின் அறைக்கதவு சாத்தியிருக்கும். அவன் இங்கேயே பிறந்தவன், இந்த நாட்டுக் குடிமகன், மோட்டார் சைக்கிள் பட்டறையில் தொழில் பழகுகிறான். "சாப்டியா" என்று கேட்பேன். "ம்" என்பான். எங்கள் வீட்டில் தமிழ் அவ்வளவில் சுருங்கிப்போய்ப் பல வருஷமாகிறது.

ஒரு நாள் அவனாகவே வந்து போனை நீட்டினான். பழைய புல்லட் ஒன்றின் படம். "இது உன் ஊர் வண்டிதானே? இன்னும் கிடைக்குமா?"

உன் ஊர் என்றான், நம் ஊர் என்று சொல்லவில்லை. அது எனக்குக் குத்தியது. ஆனால் அதைவிட வேகமாக வேறொரு கணக்கு மனதில் ஓடியது. நான் இந்தியப் பாஸ்போர்ட்டை இன்னும் விடவில்லை. திண்டிவனத்தில் அப்பா விட்டுப்போன சின்ன வீடு இருக்கிறது. வண்டியை என் பேரில் வாங்கி அங்கே நிறுத்திவைத்தால், அதை ஓட்டவாவது இவன் வருஷத்துக்கு ஒரு முறை வருவான். இதை எபினிடம் சொல்லவில்லை. என் கணவரிடம் மட்டும் சொன்னேன். மீனுக்குத் தூண்டில் போடுகிறாயா என்று அவர் சிரித்தார். சிரிக்கட்டும் என்று டிக்கெட் போட்டேன்.

2

திண்டிவனத்தில் ஒரு மெக்கானிக், மயிலத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றைக் கைகாட்டினார். அங்கே முனுசாமி என்பவரிடம் வெட்டாத, ஒட்டாத, பெயிண்ட்கூட மாற்றாத புல்லட் ஒன்று இருக்கிறது, முட்டி வலியால் விற்கப் பார்க்கிறார் என்றார்.

முனுசாமிக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். கூலி வேலைக்குப் போய், பிறகு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டை ஏற்றி இறக்கி, இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவர். வண்டி அவர் வீட்டுக்கு வெளியே தார்ப்பாய் போர்த்தி நின்றது. பாயை எடுத்ததும் எபின் மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டான். இப்போதைய வண்டிகளுக்கு நேர்மாறாக வலது காலில் கியர், இடது காலில் பிரேக். கறுப்புத் தகட்டில் வெள்ளை பெயிண்டால் கையால் எழுதிய பழைய மூன்றெழுத்து நம்பர். அவன் அதை விரலால் தடவிப் பார்த்ததை நான் பார்த்தேன். என் மகன் எதையும் அப்படித் தொட்டு நான் பார்த்ததில்லை.

முனுசாமி அவனுக்கு வண்டியை உதைக்கச் சொல்லிக்கொடுத்தார். அவசரப்பட்டால் திருப்பி அடித்துக் கணுக்காலை உடைத்துவிடும் என்றார். எபின் நாலைந்து முறை தோற்றான், பிறகு வண்டி பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். விலை பேசி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

சிக்கல் ஆர்.சி. புக்கைத் திறந்ததும் தொடங்கியது. உரிமையாளர் இடத்தில் ராகவன் என்று இருந்தது.

யார் இது என்று கேட்டேன். பக்கத்து ஊரில் நிலபுலன் உள்ளவர், முனுசாமி அவரிடம்தான் வேலை பார்த்தார். முப்பது வருஷத்துக்கு முன்னால் ராகவன் கார் வாங்கியபோது புல்லட் தேவைப்படவில்லை. முனுசாமி தான் வளர்த்த உழவு மாடு ஒரு ஜோடியைக் கொடுத்து வண்டியை வாங்கிக்கொண்டார். எழுத்து ஒன்றும் இல்லை.

"பேரு மாத்தணுங்களேன்னு கேட்டேன். என் பேர்லயே கெடக்கட்டுமே, உன்ன யாருடா கேக்கப்போறான்னாரு. அதுக்கு மேல நான் இன்னா பேசுறது எம்மா?"

ராகவன் இறந்துவிட்டார். வண்டியின் பதிவும் காலாவதியாகியிருந்தது. அதைப் புதுப்பிக்காமல் சாலையில் ஓட்டக்கூடாது, கறுப்புத் தகடும் இனி செல்லாது, அரசு முத்திரை போட்ட புதுத் தகடு பொருத்தியாக வேண்டும். இதெல்லாம் நடக்க வேண்டுமென்றால் முதலில் ராகவனின் வாரிசுகள் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் மெக்கானிக். ஒரு மகன், ஒரு மகள். மகன் பாஸ்கர் விழுப்புரத்தில் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். மகள் கஸ்தூரி திண்டிவனத்தில் பள்ளிக்கூட ஆசிரியை.

இதைக் கேட்டதும் முனுசாமி வண்டியின் மேல் தார்ப்பாயை மறுபடி இழுத்துப் போர்த்தத் தொடங்கினார். கையெழுத்து வாங்குவது என் பொறுப்பு என்று சொன்னேன். ஜெர்மனியில் எத்தனையோ அலுவலகங்களில் வரிசையில் நின்று காரியம் முடித்தவள் என்ற தைரியம் எனக்கு. என் அப்பாவும் கூலிக்குப் போனவர்தான். நிலக்காரர் வீடுகளின் வாசல் எப்படிப்பட்டது என்பது எனக்கு மறந்தா போயிற்று? மறக்கவில்லை. இருபது வருஷத்தில் அது மாறியிருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

3

பாஸ்கர் மரியாதையாகத்தான் வரவேற்றார். டீ வரவழைத்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார், சொன்னேன். எபின் என்ன படிக்கிறான் என்றார், சொன்னேன். முனுசாமி கடை வாசலிலேயே நின்றுகொண்டார். உள்ளே வந்து உட்காருங்கள் என்று நான் கூப்பிட்டபோது, பாஸ்கர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

புல்லட் பேச்சை எடுத்ததும் அவர் முகம் இளகியது. சின்ன வயதில் அந்தச் சத்தம் ஏரிக்கரையில் வரும்போதே அப்பா வருகிறார் என்று தெரிந்துவிடுமாம். பெட்ரோல் டேங்க் மேல் உட்கார வைத்துக்கொண்டு போவாராம். அதுவரை எல்லாம் சரி. நான் வாங்க வந்திருக்கிறேன், உங்கள் கையெழுத்து வேண்டும் என்றதும் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"விக்கிறதுக்கு அவன் யாரு? அப்பா சும்மா ஓட்டிக்கடான்னு குடுத்த வண்டி. அது எங்க வண்டி."

மாட்டு ஜோடியைப் பற்றிச் சொன்னேன். எந்த மாடு, எழுத்து எங்கே என்று கேட்டார். முனுசாமி வாசலிலிருந்தபடியே ஏதோ சொல்ல வந்தார். பாஸ்கர் கையைத் தூக்கியதும் நிறுத்திக்கொண்டார். வண்டியை நாளைக்கே கொண்டுவந்து வீட்டில் விட வேண்டும் என்பதோடு பேச்சு முடிந்தது.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது முனுசாமி வாய் திறந்தார். விட்டுவிடலாம் எம்மா, வண்டியைக் கொண்டுபோய் அவர்கள் வாசலில் நிறுத்திவிடுகிறேன், இந்த வயதில் எனக்கு இந்த பேஜாரு வேண்டாம் என்றார். எபினுக்கு முழுக்கப் புரியவில்லை. அவர் வாங்கின வண்டியை அவர் ஏன் கொடுக்க வேண்டும் என்று என்னிடம் ஜெர்மனில் கேட்டுக்கொண்டே வந்தான். கொடுக்க வேண்டாம், இரண்டு நாள் பொறுங்கள் என்று நான்தான் முனுசாமியைத் தடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து ஸ்டேஷனிலிருந்து அவருக்குப் போன் வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். திருட்டு என்று புகார்.

4

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது புல்லட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால், துருப்பிடித்துக் கிடந்த வண்டிகளுக்கு நடுவே நிறுத்தியிருந்தார்கள். முனுசாமி உள்ளே சுவரை ஒட்டி நின்றார். அவர் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். என் அப்பா அப்படி நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

சப்-இன்ஸ்பெக்டருக்கு முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். வேறு ஏதோ வேலையின் நடுவில் இது வந்து சேர்ந்த எரிச்சல் அவருக்கு. அடுத்தவன் வண்டியை விற்பதற்கு எப்படித் துணிச்சல் வந்தது என்று முனுசாமியைக் கேட்டார். முனுசாமி மாடு என்று ஆரம்பித்தார். மாட்டுக் கதையெல்லாம் வேண்டாம், காகிதம் இருக்கிறதா இல்லையா என்று குரலை உயர்த்தினார்.

அப்போதுதான் எபின் பேசினான்.

"நீ ஏன் அவரைத் திட்டுற? நீ மொதல்ல அவர் சொல்றத கேளு."

அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் மெதுவாக எழுந்தார்.

"யாரப் பாத்து 'நீ'ங்கிற?"

எபினுக்குக் கேள்வியே புரியவில்லை. உன்னைத்தான் என்று பதில் சொல்லப் போகிறான் என்று தெரிந்து அவன் கையை இறுக்கிப் பிடித்தேன். அதற்குள் ஒரு காவலர் அவன் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டார். படம் எடுத்தானா என்று பார்க்க வேண்டுமாம். பாஸ்போர்ட் எங்கே என்றார்கள். கொடுத்தோம். வெளிநாட்டுக்காரன் ஸ்டேஷனில் தகராறு என்று எழுதட்டுமா என்று கேட்டார் சப்-இன்ஸ்பெக்டர். விசா, விமானம், அவன் பட்டறை வேலை எல்லாம் என் கண்முன்னால் வரிசையாகச் சரிந்தன.

நான் கும்பிட்டேன். "சார், அவன் தமிழ்ல 'நீங்க' கெடையாதுங்க. வீட்ல நாங்க மூணு பேருதான். அவங்க அப்பாவையும் நீன்னுதான் சொல்லுவான். நான்தான் சொல்லித் தரல."

அவர் என்னை நம்பினாரா என்று தெரியவில்லை. உட்கார்ந்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார்கள். பாஸ்போர்ட் மேஜை இழுப்பறைக்குள் போயிற்று. நாளைக் காலை புகார் கொடுத்தவரும் வரட்டும், அதுவரை வண்டி இங்கேயே இருக்கட்டும் என்றார்.

வெளியே வந்ததும் எபின் என் பக்கம் திரும்பினான். ஜெர்மனில் தெரியாதவர்களிடம் மரியாதையாகப் பேச எனக்குத் தெரியும், தமிழிலும் அப்படி ஒன்று இருக்கிறது என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டான். அவன் குரலில் கோபத்தைவிட அவமானம்தான் அதிகம் இருந்தது. மரியாதை கொடுக்க வேண்டிய பெரியவர்கள் யாரும் எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை.

முனுசாமி அவன் முதுகைத் தட்டினார். "பரவால்ல தம்பி. நான் சொல்ல வேண்டியத நீ சொல்லிட்ட."

5

அன்று சாயங்காலமே திண்டிவனத்தில் கஸ்தூரி வீட்டுக்குப் போனேன். முனுசாமியும் எபினும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கதவைத் திறந்தவர் ஐம்பது வயதுப் பெண்மணி, கையில் சாக்பீஸ் தூள்கூடப் போகவில்லை. நான் சொன்னதை எல்லாம் நின்றபடியே கேட்டார். பிறகு உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அந்த மாடுங்களுக்கு நான்தான் தண்ணி காட்டுவேன். ஒண்ணுக்குக் கொம்பு ஒடஞ்சிருக்கும்" என்றார்.

நாளைக்கு வந்து இதை மட்டும் சொல்ல முடியுமா என்று கேட்டேன். அப்பாவின் நிலம் இன்னும் பிரிக்கப்படவில்லை என்றார். பாகம் கேட்டு வாய் திறந்ததற்கே அண்ணன் ஒரு வருஷம் பேசாமல் இருந்து, இந்தப் பொங்கலுக்குத்தான் மறுபடி கூப்பிட்டார். இந்த நேரத்தில் ஒரு பழைய வண்டிக்காக ஸ்டேஷனில் அண்ணனுக்கு எதிராக நிற்பதா?

நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்த என்ன உரிமை இருக்கிறது? நான் விடுப்பு முடிந்தால் விமானம் ஏறிவிடுவேன். அவர் இங்கேதான் இருக்க வேண்டும். இதையே வாய்விட்டுச் சொன்னேன். நான் கிளம்பும்போது ஒன்று மட்டும் கேட்டார், ஸ்டேஷனில் முனுசாமி எங்கே நின்றுகொண்டிருந்தார் என்று. சுவரோரமாக, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு என்றேன். அவர் தலை குனிந்துகொண்டார்.

6

மறுநாள் பாஸ்கர் முன்னாலேயே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முனுசாமி நேற்றைய இடத்திலேயே நின்றார். எபின் அவர் பக்கத்தில் போய், தானும் சுவரோரமாக நின்றுகொண்டான். பாஸ்கர் எழுத்து இல்லை, எழுத்து இல்லை என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். சட்டப்படி அது சரிதான். சப்-இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்துவிட்டார்.

கஸ்தூரி வந்தபோது யாரும் கவனிக்கவில்லை. பள்ளிக்கூடப் பை தோளில் தொங்க, நேரே அண்ணன் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றார்.

"அண்ணா, ஒரே ஒரு கேள்வி. கொம்பு ஒடஞ்ச மாடு நம்ம வீட்டுக்கு எங்கேர்ந்து வந்துச்சு?"

பாஸ்கருக்குக் காதோரம் சிவந்துகொண்டே வந்தது. அவரும் அந்த மாட்டை ஓட்டிப்போயிருப்பார் இல்லையா? சப்-இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்தார், பிறகு கஸ்தூரியைப் பார்த்தார், பேனாவை மூடிவைத்தார். உங்கள் வீட்டிலிருந்தே சாட்சி வந்துவிட்டது, கேஸ் போட்டால் இவரும் பேசுவார், யோசித்துக்கொள்ளுங்கள் என்றார்.

பாஸ்கர் எழுந்தார். என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"இந்த ஜெர்மனிப் பார்ட்டிக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். அவன் வாங்கின வண்டின்னா அவன் பேருக்கே மாத்திக்கட்டும். அதுக்கு வேணா போடறேன்."

என்னைத் தோற்கடிக்கத்தான் அவர் அப்படிச் சொன்னார். எனக்கும் அந்த நிமிஷம் ஆத்திரம்தான் வந்தது. எபினின் பாஸ்போர்ட் இழுப்பறையிலிருந்து வெளியே வந்தபோதுதான், கேஸ் இல்லை, வண்டி முனுசாமியுடையது என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள் என்பது உறைத்தது.

கஸ்தூரியை ஆட்டோவில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். வேண்டாம், முதல் பீரியட் போய்விட்டது, இரண்டாவதையாவது பிடிக்கிறேன் என்று பஸ்ஸுக்கு நடந்தார். அண்ணன் அவரைத் தாண்டித்தான் காரில் போனார். கார் நிற்கவில்லை.

7

அதற்குப் பிறகு நடந்தது அலுவலக வேலை. வாரிசுச் சான்று, இரண்டு கையெழுத்து, இன்சூரன்ஸ். ஆர்.டி.ஓ. ஆபீசில் இன்ஸ்பெக்டர் வண்டிச் சட்டத்தில் பொறித்த சேசிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்து ஒப்பிட்டபோது, முனுசாமி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நம்பர் பொருந்தியது. எங்கள் விடுப்பின் கடைசி வாரத்தில் முனுசாமி பேர் போட்ட ஆர்.சி. அட்டை தபாலில் வந்தது. முதலில் அவர் பேருக்கு, பிறகு அங்கிருந்து என் பேருக்கு என்பதுதான் எங்கள் ஏற்பாடு.

விழுப்புரத்தில் புதுத் தகடு பொருத்தினோம். கழற்ற முடியாதபடி ரிவெட் அடித்தார்கள். பழைய நம்பர் அப்படியே இருந்தது, தகடு மட்டும்தான் வெள்ளை. கறுப்புத் தகடு போனதில் எபினுக்கு வருத்தம். முனுசாமி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, எபினைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். நான் ஆட்டோவில் பின்னால் போனேன்.

கூட்டேரிப்பட்டுக்கு முன்னால் போலீஸ் சோதனை. ஹெல்மெட் போட்டவர்களைக் காவலர் போ போ என்று கைகாட்டி அனுப்பிக்கொண்டிருந்தார். புல்லட்டுக்கும் கைகாட்டினார். முனுசாமி போகவில்லை. ஓரமாக நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு இறங்கி, சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். நான் பயந்துபோய் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி ஓடினேன்.

காவலர் குழம்பிப்போய் அட்டையைப் பார்த்தார். "நான் கேக்கவே இல்லியே பெரியவரே. கெளம்புங்க."

முனுசாமி கிளம்பினார், ஆனால் கொஞ்ச தூரத்திலேயே ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை. எங்கள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"இத்தினி வருசமா எவன் புடிச்சாலும் ஐயா வண்டிங்க, வேலையா போய்க்கினு இருக்கேன்னுதான் எம்மா சொல்லுவேன். இன்னைக்குத்தான்…" நிறுத்தினார். "ஒரே ஒரு வருசம் எம் பேர்ல ஓட்டிக்கிறேன். அப்புறம் எடுத்துக்குங்க. பேச்சு மாற மாட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவு பாடுபட்டது இதற்கா என்று ஒரு கணம் நினைத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. முட்டி வலி என்றீர்களே என்று கேட்க வாயெடுத்துவிட்டேன். எபின் என்னைப் பார்க்கவே இல்லை. சரி என்றான். பிறகு கிளட்ச் கேபிள் நைந்திருக்கிறது, அதை மட்டும் உடனே மாற்ற வேண்டும் என்று தன் உடைந்த தமிழில் சொல்லத் தொடங்கினான். இருவரும் வண்டிக்கு அந்தப் பக்கம் குனிந்துகொண்டார்கள்.

8

திரும்பி வந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தேன். டிராம், ஷிப்டு, சாத்திய கதவு எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கதவுக்குள்ளே தமிழ் கேட்கிறது. முனுசாமி வீடியோவில் கார்புரேட்டரைக் காட்டுகிறார், எபின் இங்கிருந்து எந்த ஸ்குரூ என்று சொல்கிறான். வார்த்தை கிடைக்காத இடத்தில் இருவரும் வாயால் எஞ்சின் சத்தம் போட்டுக்காட்டுகிறார்கள். முனுசாமி கேட்ட ஒரு வருஷம் இன்னும் முடியவில்லை, வண்டி அவர் பேரில்தான் இருக்கிறது.

கஸ்தூரியோடு நான் பேசுகிறேன். இந்தப் பொங்கலுக்கு அண்ணன் கூப்பிடவில்லை. பாகத்துக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். ஸ்டேஷனுக்கே போய்விட்டு வந்த பிறகு கோர்ட்டுக்குப் போக என்ன பயம் என்றார்.

போன வாரம் எபின் டிக்கெட் போட்டுவிட்டான், பங்குனியில் பயணம். எத்தனை நாள் என்று கேட்டேன், சொன்னான். எனக்கு எந்தத் தேதியில் லீவு எழுதுவது என்று கேட்டபோது கொஞ்சம் தயங்கினான். தனக்கு மட்டும்தான் போட்டிருக்கிறான்.

இன்று காலை நான் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் முனுசாமியின் அழைப்பு என் போனுக்கு வந்தது. எபினுடைய போன் அணைந்திருந்தது போல. உடம்பு எப்படி, முட்டி எப்படி, வெயில் ஆரம்பித்துவிட்டதா என்று விசாரித்தேன். எல்லாவற்றுக்கும் பொறுமையாக 'இருக்கு, இருக்கு' என்றார். என்ன விஷயம் அண்ணே, என்னிடம் சொல்லுங்கள், அவனிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"தம்பி எழுந்ததும் பேசச் சொல்லு எம்மா. வண்டி விசயம். உனக்குப் புரியாது" என்றார்.

சரிங்கண்ணே என்று வைத்துவிட்டு, எபின் கதவைத் தட்டி எழுப்பிவிட்டு டிராமுக்கு ஓடினேன்.